ஆப்பும் கோடாரியும்: நம் தோட்டங்களின் விறகு வரலாறு



அண்மையில் நான்காம் ஆண்டு வகுப்பில் 'ஆப்பசைத்த குரங்கு போல' என்னும் தொடரை விளக்கிக்கொண்டிருந்தேன். பாதி பிளந்த மரத்தில் தச்சன் செருகி வைத்த ஆப்பைக் குரங்கு பிடுங்கி, மரத்தின் இடுக்கில் சிக்கிக்கொண்ட கதை. பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், ஆப்பைப் பிடுங்கினால் மரம் ஏன் மூடிக்கொள்கிறது?" என்று கேட்டாள்.

'ஆப்பு வைத்துவிட்டான்' என்று திரைப்பட வசனம் பேசும் அந்த வகுப்பில் ஒருவர்கூட ஆப்பைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவர்களுடைய பாட்டன்மாரும் பூட்டன்மாரும் இதே கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் ஆப்படித்து விறகு பிளந்தவர்கள். இரண்டு தலைமுறைக்குள் அந்த அறிவு எங்கே போயிற்று? அதை அறிய நம் தோட்டங்களின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்கவேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர் ஆற்றுப் பகுதியின் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. 1905இல் மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே இங்குதான் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தை உருவாக்கினார். காட்டு மரங்களை வெட்டி நெருப்பிட்டாலும் பெருங்கட்டைகள் முழுவதும் எரிந்துவிடுவதில்லை. அவை ரப்பர்க் கன்றுகளுக்கிடையே கிடந்து மக்கின. மண்ணில் எஞ்சிய அடிக்கட்டைகளிலிருந்து வேரழுகல் நோய் ரப்பர் மரங்களுக்குப் பரவியதால், அவற்றை அகற்றுவதும் தோட்ட வேலைகளுள் ஒன்றாயிற்று.

அடுத்து ரப்பர் மரமே விறகாகும் காலம் வந்தது. தோட்டத் தமிழில் 'மரம் வெட்டுதல்' என்றால் பட்டையைச் சீவிப் பாலெடுத்தல் என்றே பொருள். ஏறத்தாழ இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குறைந்துவிடும். மறுநடவுக்காக மரத்தை உண்மையாகவே வெட்டிச் சாய்ப்பார்கள். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. ஆகவே சாய்த்த சில வாரங்களுக்குள் பூஞ்சையும் துளைப்பான் வண்டும் அதைத் தின்னத் தொடங்கும். மருந்தூட்டிப் பதப்படுத்தும் முறை பரவி, 1980களில் மேசை நாற்காலி செய்யும் தொழிலுக்கு அது சென்று சேரும் வரை, ரப்பர் மரம் பெரும்பாலும் விறகாகவே மதிக்கப்பட்டது.

அந்த விறகுக்குத் தோட்டத்திலேயே தேவையும் இருந்தது. ரப்பர்த் தகடுகளைப் புகைக்கூடத்தில் தொங்கவிட்டு, ஏறத்தாழ 40 முதல் 60 பாகை வெப்பத்தில் நான்கைந்து நாள் உலர்த்தவேண்டும். அந்த அடுப்பு அணையக்கூடாது. லயத்து வீடுகளில் சோறு பொங்கியதும் அதே விறகில்தான். 1960களில் பிறையில் எழுந்த மலாயாவாத்தா எஃகு ஆலைகூட ரப்பர் மரக்கரியைக் கொண்டே இரும்பை உருக்கியது.

பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் தாத்தா விறகு பிளந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பருத்த அடிக்கட்டையை எடுத்த எடுப்பில் நடுவில் வெட்டமாட்டார். முதலில் வெட்டுமுகத்தைப் பார்ப்பார். வெடிப்பு எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது, கணு எங்கே இருக்கிறது என்று கவனிப்பார். ஓரத்திலிருந்து பட்டை பட்டையாகப் பிளந்துகொண்டே உள்ளே வருவார். அதற்கும் மசியாத கட்டையென்றால் வெடிப்பில் இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அறைவார். முதல் ஆப்பு இறுகிக்கொண்டால், வெடிப்பில் சற்றுத் தள்ளி இரண்டாவது ஆப்பை இறக்குவார். வாய் அகன்று முதல் ஆப்பு தானாகத் தளரும். "வெடிப்புல கை வைக்காதே!" என்று அவர் அதட்டியது இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

மாணவியின் கேள்விக்கு விடையும் இதில்தான் இருக்கிறது. பாதி பிளந்த மரத்தில் நார்கள் முழுவதும் பிரிந்துவிடுவதில்லை. இரு பக்கமும் வில்போல் வளைந்து நிற்கின்றன. ஆப்பை எடுத்தவுடன் அவை படீரென்று சேர்ந்துகொள்கின்றன. அந்தப் பழங்கதை மரவேலை தெரிந்தவர்களின் அனுபவத்தில் பிறந்தது.

இந்த அறிவு மறைந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் செம்பனை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில், அதே ஃபோக்கோனியேவால் நடப்பட்டது. 1960களிலிருந்து ரப்பர் விலை தளரத் தளர, செம்பனை பரவியது. செம்பனையின் தண்டு நீர் நிறைந்த நார்க்கற்றை. அதில் ஆப்பும் பயன்படாது, அடுப்பும் எரியாது. ரப்பர்க் காடு சாய்ந்தபோது, தோட்டத்து அடுப்புக்கு அருகிலேயே கிடைத்த விறகும் அதனுடன் போயிற்று. மண்ணெண்ணெயும் எரிவாயுவும் காசு கொடுத்து வாங்கும் பொருளாக அடுப்படிக்குள் நுழைந்தன.

அதற்காக நான் விறகடுப்புக் காலத்துக்கு ஏங்கவில்லை. அந்தப் புகையில் கண்ணெரிந்து இருமிய தாய்மார்களை நாம் மறந்துவிடலாகாது. ஆனால் தோட்டங்களும் ஒவ்வொன்றாகக் கைமாறி, மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தபின், அந்த உழைப்பைக் கண்ணால் கண்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பத்தாங் பெர்ஜுந்தை என்னும் பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயாவாக மாறிவிட்டது.

பெற்றோர்களே, இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளையைத் தாத்தா பாட்டியின் அருகில் அமரச் செய்து, "விறகை எப்படிப் பிளந்தீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, அவர்கள் கேட்டு வந்ததைக் கட்டுரையாக எழுத வையுங்கள். நம் தோட்ட வரலாற்றின் ஒரு பக்கமாவது பிள்ளைகளின் கையெழுத்தில் நிலைக்கட்டும்.