கணிப்பொறி தானாக நின்றுவிடுவது ஏன்?

தஞ்சைப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு மோட்டார் கொட்டகை புதிதன்று. வயலோரத்தில் ஒரு சிறு கட்டடம். அதன் சுவரில் பச்சை, சிவப்புப் பொத்தான்கள் கொண்ட ஓர் இரும்புப் பெட்டி. அதைத்தான் ஸ்டார்ட்டர் என்கிறோம். தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே சில நாட்களில் அந்தப் பெட்டிக்குள் 'டக்' என்ற ஓசை கேட்கும். மோட்டார் நின்றுவிடும்.

அதே விவசாயியின் வீட்டில், நெல் விற்ற பணத்தில் வாங்கிய கணிப்பொறியில் மகன் கார்ப் பந்தயம் விளையாடுகிறான். கார் கடைசி வளைவில் திரும்புகிறது. திடீரென்று திரை இருள்கிறது, பெட்டியும் நின்றுவிடுகிறது. கடிதம் தட்டும்போதும் பாட்டுக் கேட்கும்போதும் நிற்காத கணிப்பொறி, விளையாடும்போது மட்டும் நிற்பானேன்?

இவ்விரு நிகழ்ச்சிகளும் உறவுடையவை. அந்த உறவின் வரலாற்றை அறிந்தால், பழுது எங்கே என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

மோட்டாரின் காவலன்

கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகும். எவ்வளவு சூடாகும் என்பதை 1840-களின் தொடக்கத்தில் ஆங்கிலேய அறிஞர் ஜூல் அளந்து கூறினார். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். மின்சாரம் சென்ற இடமெல்லாம் இந்த விதியும் உடன் சென்றது.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1937-இல் அங்கே நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. வயலுக்குத் தண்ணீர் தந்த காவிரி, விளக்குக்கு ஒளியும் தந்தது. 1960-61-இல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் பில்ட்டர் பாயிண்ட் கிணறுகளும் மின் மோட்டார்களும் பெருகின.

பல மோட்டார்கள் ஒரே மின்மாற்றியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது மின்னழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தாலும் மோட்டார் அதே தண்ணீரை இறைக்க வேண்டும். ஆகவே அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். ஜூல் சொன்னபடி சுருள் மிகவும் சூடேறும். இதைத் தடுக்கவே ஸ்டார்ட்டருக்குள் இரட்டை உலோகத் தகடு ஒன்றை வைத்தார்கள். இரு உலோகங்களும் சமமாக விரிவடைவதில்லை. எனவே சூடேறினால் தகடு வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். மோட்டார் நிற்கும், சுருள் பிழைக்கும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று எனலாம்.

கணிப்பொறியின் காவலன்

1946-இல் அமெரிக்காவில் அறிமுகமான 'எனியாக்' என்னும் கணிப்பொறி ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொண்டது. அதில் சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது விழுங்கிய மின்சாரம் சுமார் 150 கிலோவாட். காற்றூதிகள் வைத்து அதைக் குளிரச் செய்தனர். சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்க வெப்பக் கட்டுப்படுத்திகளையும் பொருத்தியிருந்தனர். தானாக நிற்கும் வழக்கம் கணிப்பொறிக்குப் பிறவியிலேயே வந்தது!

1971-இல் வெளிவந்த '4004' என்ற நுண்செயலியில் 2,300 டிரான்சிஸ்டர்கள்தாம் இருந்தன. அதற்கு விசிறி தேவைப்படவில்லை. 1993-இல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட் வெப்பத்தை வெளியிட்டது. 2004-இல் பென்டியம்-4 வகைகளில் சில 100 வாட்டையும் தாண்டின. 2022-இல் வந்த பெரிய கிராபிக்ஸ் அட்டை ஒன்று 450 வாட் எடுக்கிறது. ஒரு குதிரைசக்தி என்பது 746 வாட். ஆக, அரைக் குதிரைசக்திக்கு மேற்பட்ட சூடு ஓர் அட்டைக்குள்ளே உண்டாகிறது!

கடிதம் தட்டும்போது நுண்செயலி பெரும்பாலும் சும்மா இருக்கும். விளையாட்டிலோ அதற்கு ஓய்வில்லை. 1920 × 1080 புள்ளிகள் கொண்ட திரையை நொடிக்கு 60 முறை வரைய வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: நொடிக்கு 12 கோடிப் புள்ளிகளுக்கு மேல் ஆகும்.

2001-இல் நடந்த ஒரு சோதனையில், ஓடிக்கொண்டிருந்த கணிப்பொறிகளின் நுண்செயலி மேலிருந்த குளிர்விக்கும் உலோகத் தொகுதியைக் கழற்றினார்கள். பென்டியம்-4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. போட்டியாக இருந்த ஆத்லான் சில்லோ கருகிப்போனது. இன்றைய நுண்செயலிகள் யாவும் தம் வெப்பத்தைத் தாமே அளக்கின்றன. பலவற்றுக்கு 100° செ. அளவில் எல்லை வைத்திருக்கிறார்கள். அங்கே முதலில் வேகம் குறையும். சூடு அதற்கும் மேலே போனால் மின்சாரம் துண்டிக்கப்படும்.

பழுது எங்கே?

நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். விளையாடத் தொடங்கிக் கால்மணி, அரைமணி சென்றபின் விசிறி இரைந்து, படம் தடுமாறி, பிறகு நின்றால் குற்றவாளி பெரும்பாலும் வெப்பம்தான். ஒரு சில்லு அறையைவிட 50° கூடுதலாகச் சூடேறுவதாகக் கொள்வோம். அறை 25° என்றால் சில்லு 75°. தஞ்சைக் கோடையில் அறை 38° ஆனால் சில்லு 88°. அறுவடைத் தூசியும் உமித்தூசியும் விசிறியை அடைத்தால் அந்த 50° என்பது 62° ஆகலாம். கூட்டினால் 100°; எல்லை வந்துவிட்டது! எனவே மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து தூசியை அகற்றுங்கள். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டியோ அலமாரிக்குள்ளோ பெட்டியை வைக்காதீர்கள். பழைய கணிப்பொறியில் சில்லின் மேல் பூசிய வெப்பப் பசை உலர்ந்திருக்கலாம். அதை மாற்ற வேண்டும்.

சூடு ஏறுவதற்கு முன்பே, பெரிய காட்சி வந்த கணத்தில் சட்டென நின்றால் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியைச் சந்தேகியுங்கள். நுண்செயலி, கிராபிக்ஸ் அட்டை ஆகியவற்றின் வாட் அளவைக் கூட்டி, அதன்மேல் எழுதியுள்ள அளவோடு ஒப்பிடுங்கள். நல்ல நிலையிலுள்ள வேறொன்றைப் பொருத்திப் பார்ப்பதே தெளிவான சோதனை.

வீட்டு விளக்கு மங்கும்போது அல்லது அண்டை வயலில் மோட்டார் ஓடத் தொடங்கும்போது நின்றால், பழுது பெட்டிக்கு வெளியே இருக்கலாம். மோட்டார் புறப்படும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அப்போது அழுத்தம் சரியும். 400 வாட் எடுக்கும் கணிப்பொறிக்கு 230 வோல்ட்டில் சுமார் 1.7 ஆம்பியர் போதும். 160 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் வேண்டும். ஜூல் விதிப்படி கம்பியின் சூடு ஏறக்குறைய இருமடங்காகும். யு.பி.எஸ். கருவியையும் பாருங்கள். 600 வி.ஏ. என்று எழுதியிருக்கும் பல கருவிகள் தாங்குவது 360 வாட்தான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். நான்கையும் சேர்த்து மாற்றினால் பணம் போகும். காரணம் மட்டும் தெரியாது.

குச்சி செருகாதீர்கள்

மோட்டார் அடிக்கடி நிற்கிறதே என்று சிலர் ஸ்டார்ட்டரின் பொத்தானை அமுக்கி, குச்சியைச் செருகிவிடுவது உண்டு. தண்ணீர் நிற்காமல் பாயும். சில நாளில் மோட்டார் கருகி, காயில் கட்டும் கடைக்குப் போகும். கணிப்பொறியின் வெப்ப எல்லையை உயர்த்திவைப்பதும், பியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைக் கட்டுவதும் இதே குச்சிதான். அதற்கு விலையாகப் போவது ஒரு போகத்து நெல்லின் பணம். சில வேளை வீட்டில் தீயும் பற்றலாம்.

அடுத்த முறை கணிப்பொறி நின்றால் உடனே பொத்தானை அழுத்தாதீர்கள். பெட்டியின் பின்புறம் வரும் காற்றின் சூட்டைக் கையால் உணருங்கள். எத்தனை நிமிடம் ஓடியது என்று குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு மங்கிற்றா என்று வீட்டில் கேளுங்கள். இந்த மூன்று விடைகளும் கையில் இருந்தால் பாதிப் பழுது பார்த்தாகிவிட்டது.