இசைத்தட்டில் நின்ற வில்லோசை

உத்தரமேரூர்க் கோயிற் சுவரிலே பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் உள்ளன. 919, 921 ஆம் ஆண்டுகளில் ஊர்ச்சபைக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்த விதத்தை இன்றும் எழுத்தெழுத்தாகப் படிக்கலாம். அப்பக்கத்து ஏனாத்தூரில் வாழும் எனக்கு அவற்றைக் காணுந்தோறும் ஓர் ஏக்கம் எழும். சட்டம் கல்லிலே நின்றது. அன்று பாடிய பண்ணின் ஒலி நிற்கவில்லையே!

வயலினை நம் இசைக்கு உரியதாக்கிய பாலுசுவாமி தீட்சிதரையும் தஞ்சை வடிவேலுவையும் பற்றிப் புகழுரைகள் உண்டு. அவர்தம் வில்லோசையை நாம் கேட்க இயலாது. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டது 1877 இல் தானே!

துவாரம் வெங்கடசாமி நாயுடு நற்பேறு பெற்ற காலத்தவர். நாமும் அப்பேற்றில் பங்குடையோம். 1893 இல் பெங்களூரில் பிறந்து விசாகப்பட்டினத்தில் வளர்ந்த அவர், 1919 இல் விஜயநகரம் மகாராஜா இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். 1936 இல் அதன் தலைவரானார். கண்ணொளி குன்றியவர். பக்கவாத்தியம் என்றே எண்ணப்பட்ட வயலினை 1938 இல் வேலூரில் தனிக்கச்சேரி மேடைக்கு உயர்த்தினார். சென்னை வானொலி நிலையம் தோன்றியதும் அவ்வாண்டே. 1941 இல் சங்கீத கலாநிதி. 1957 இல் பத்மஸ்ரீ. 1952 இல் யெஹூதி மெனுஹின் அவர் வாசிப்பை நேரிற் கேட்டு வியந்தார். 1964 இல் நாயுடு மறைந்தார்.

எஞ்சியிருப்பவை வானொலிப் பதிவுகளும் அரக்குத் தட்டுக்களுமே. பத்து அங்குலத் தட்டு நிமிஷத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மிகுதியாகவே இசை அடங்கும். ஒரு மணி நேரம் ஆலாபனை செய்யவல்லவரை இவ்வளவில் அடைத்தது கொடுமை என்பார் சிலர். முற்றும் தவறென்று சொல்லேன். இராகம் சிறிது சிறிதாக விரியும் அழகையும், மிருதங்கக்காரரோடு நடக்கும் உரையாடலையும் தட்டு விழுங்கிவிட்டது. ஆயினும் வில்லின் முதல் இழுப்பிலேயே இராகத்தின் உருவைக் காட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் கலைஞனிடமிருந்து வேறொரு திறனை வெளிக்கொணர்ந்தது. நாயுடுவின் நீண்ட வில், இழையறாத நாதம் ஆகியவற்றை அறிய மூன்று நிமிஷமே போதும் என்பது என் துணிபு.

எனக்குள்ள கவலை வேறு. எஃகு ஊசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் வரியைச் சிறிது அரிக்கிறது. கை தவறினால் தட்டு ஓடுபோல் உடைகிறது. இதனினும் நுட்பமான கேடொன்று உண்டு. பழைய தட்டைப் புதிய நாடாவிலோ கணினியிலோ படியெடுக்கும்போது, சுழற்சி நூற்றுக்கு ஆறு பங்கு மிகுந்தால், சுருதி ஏறத்தாழ அரைச்சுரம் ஏறிவிடும், காலப்பிரமாணமும் விரையும். கேட்கும் மாணவன், பெரியவர் இவ்வளவு ஓடினாரா என்று தானும் ஓடத் தொடங்குவான்! படியெடுப்போர் சுழற்சி வேகத்தை முதலில் அளந்தறிய வேண்டும். தட்டின் உறையையும் நடுவிலுள்ள ஒட்டுச்சீட்டையும் உடன் காக்க வேண்டும்.

பரணிலே இத்தகைய தட்டுக்களை வைத்திருக்கும் அன்பர்கள் அவற்றைக் கிடையாக அடுக்காமல், நிறுத்திவைத்து, அடுப்புச் சூடும் வெயிலும் படாமற் பார்த்துக்கொள்வாராக. பழைய ஊசியைக் கொண்டு ஓட்டிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம்.