போக்காடு

1815 மார்ச் 2 அன்று கண்டி மகுல் மடுவத்தில் நடந்த ஒப்பந்தக் கைச்சாத்தை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். மெதமஹநுவர வந்து குறுக்கே நின்றுகொண்டது.

கண்டியிலிருந்து மகியங்கனை பஸ்ஸில் ஏறினால் தெல்தெனியவைத் தாண்டி வரும் ஊர். கோட்டையும் தலைநகரும் ஆங்கிலேயரிடம் கைநழுவியதும் கண்டி அரசன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் ஒளிந்தது இந்தத் தும்பறை மலைகளில்தான். கூட இருந்தவர்கள் இரண்டு ராணிகளும் ஒரு சிறு கூட்டமும். பெப்ரவரி 18 அன்று ஒரு குடியானவன் வீட்டில் அகப்பட்டார். பிடித்தவர்கள் வெள்ளைக்காரரல்லர். எக்னெலிகொட மொஹொட்டாலையின் ஆட்கள், அதாவது நேற்றுவரை அவர் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்ட நாட்டவர்கள். காட்டுக்கொடியால் கட்டி இழுத்தார்கள். ராணிகளின் காதில் கிடந்த நகையைக் காதோடு பிய்த்தார்கள். ஆங்கிலேயருடன் வந்திருந்த தியஸ் பண்டாரநாயக்க இதையெல்லாம் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்.

எருசலேமின் அரசன் சிதேக்கியாவும் இப்படித்தான். இரவோடிரவாக அரண்மனைத் தோட்டப் பக்கத்து வாசல் வழியே ஓடி, எரிகோ சமவெளியில் சிக்கினான். பிள்ளைகளை அவன் கண்முன்னே வெட்டி, பிறகு அந்தக் கண்களையும் குருடாக்கி, விலங்கிட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அவனைப் பிடித்தது அந்நியப் படை. நம்மவர் கதைக்குப் பொருத்தமானது சிதேக்கியா அல்ல, லேவியராகமத்து ஆடு.

தமிழ் வேதாகமத்தில் அதற்குப் ‘போக்காடு’ என்று பெயர். யார் மொழிபெயர்த்தார்களோ, வாய்க்குச் சர்க்கரை போடலாம். ஆசாரியன் அதன் தலையில் இரண்டு கைகளையும் வைத்து, சனங்களின் பாவங்களையெல்லாம் வாயால் அறிக்கையிட்டு, ஓர் ஆள்வசம் கொடுத்து வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவான். ஆடு போனால் பாளயம் சுத்தம்.

கண்டிப் பிரதானிகள் பிரிட்டிஷாரோடு கைச்சாத்திட்ட அந்தக் கண்டி ஒப்பந்தத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். முதலில் அரசன் செய்த கொடுமைகளின் பட்டியல். இரண்டாவது பிரிவில் பதவி பறிப்பு. மூன்றாவதில், இரத்த வழியிலோ மண வழியிலோ அவனுக்கு உறவென்று சொல்லக்கூடிய அத்தனை பேரும் பகைவர். எழுத்துமூல அனுமதியின்றி உள்ளே கால் வைக்கக்கூடாது. வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆண்களும் திரும்பக்கூடாது. மலபார் என்றால் யார்? அரசனின் நாயக்க உறவினரும் தென்னகத்தாரும், அதாவது தமிழ் பேசிய நம் ஆட்கள். கண்டியில் அவர்கள் குடியிருந்த தெரு பிறகும் மலபார் வீதி என்றே அழைக்கப்பட்டது. பெயரைத் துரத்த மறந்துவிட்டார்கள்.

கண்ணுசாமியாகப் பிறந்த அந்த மனிதனுக்கு நான் வெள்ளையடிக்கவில்லை. 1814-இல், தன் பிரதானியாயிருந்த எஹலேபொலவின் மனைவி மக்களைக் கொன்றது எந்த நியாயத்துக்கும் அடங்காது. ஆனால் தலையில் கை வைத்தவர்களின் கை எவ்வளவு சுத்தம்? பதினேழு வருஷம் அவருக்குக் கீழே பதவி வகித்து, வரி தண்டி, தண்டனைகளை நிறைவேற்றியவர்கள் அவர்கள்தானே? அரசன் மட்டும் 1816 ஜனவரியில் கார்ன்வாலிஸ் கப்பலில் ஏறினார். மதராஸ் வழியாக வேலூர்க் கோட்டை. பாபிலோனில் சிறையிருந்த யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கு முப்பத்தேழாம் வருஷமாவது சிறைக்கதவு திறந்தது, பாபிலோன் ராஜாவின் பந்தியில் இடம் கிடைத்தது. இவருக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1832 ஜனவரி 30 அன்று வேலூரிலேயே கண் மூடினார். சமாதி பாலாற்றங்கரையில்.

எஹலேபொல? முடி தனக்குத்தான் என்று நம்பியிருந்த மனிதர். அவரையும் பிரிட்டிஷார் 1825-இல் மொரிசியஸுக்குக் கப்பலேற்றினார்கள். நான்கு வருஷத்தில் அங்கேயே முடிந்தது கதை.

இடம் தீர்ந்துவிட்டது, அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்து நிற்கிறான். மகுல் மடுவம் அடுத்த வாரம்.