உபதேசியார் மரபு: கடலூர்க் கரையில் லுத்தரன் இளைஞர் பயிற்சி

புதுவையின் தென்பகுதியிலுள்ள பாகூர், கல்விக்குப் பெயர்பெற்ற பழம்பதியாகும். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அவ்வூரில் விளங்கிய வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பெற்ற செய்தியைத் தெரிவிக்கின்றது. கற்பாரையும் கற்பிப்பாரையும் பேணுதற்கு ஊர்களின் வருவாயையே ஒதுக்கி வைத்த அச்செயல் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதே பாகூருக்குத் தெற்கே, பெண்ணையாற்றைக் கடந்ததும் கடலூர் அமைந்துள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு சமயக் கல்வி இக்கடலூரில் வேர்விட்டது. லுத்தரன் சபையினர் தமிழ் இளைஞரைத் தெரிந்தெடுத்துத் தம் சமயத்தைப் பிறருக்கு எடுத்துரைக்கப் பயிற்றிய கல்வியே அது.

பாகூரும் வில்லியனூரும் பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பிரெஞ்சுக்காரர் வசமாயின. பிரெஞ்சு ஆட்சியில் வேரூன்றிய கிறித்தவம் கத்தோலிக்கம். 1877இல் எழுந்த வில்லியனூர் லூர்து மாதா திருத்தலம் அம்மரபின் புகழ்வாய்ந்த சின்னமாக இன்றும் திகழ்கின்றது. ஆகவே லுத்தரன் இளைஞர் பயிற்சியின் வரலாற்றைப் புதுவை எல்லைக்குள் தேடுவதைக் காட்டிலும், அதன் எல்லையைத் தொட்டு நிற்கும் இரண்டு ஊர்களில் தேடுவதே பொருந்தும். ஒன்று பாகூரை அடுத்த கடலூர். மற்றொன்று காரைக்காலை அடுத்த தரங்கம்பாடி.

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கினால் அனுப்பப்பெற்ற சீகன்பால்கும் புளுட்சோவும் 1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். ஏழைச் சிறார்க்குப் பள்ளி, மாணவர் இல்லம், அச்சகம் ஆகியவற்றை ஒருசேர நடத்திய செருமானிய நகரமாகிய ஹாலேயின் கல்வி முறையை அவர்கள் அறிந்திருந்தனர். எனினும் தரங்கம்பாடியில் முதலில் மாணவராக அமர்ந்தவர் சீகன்பால்கே ஆவார். திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். ஓலைச்சுவடிகளைத் திரட்டினார், 1708இல் தாம் சேர்த்த தமிழ் நூல்களுக்கு ஓர் அட்டவணையும் வகுத்தார். பிறருக்குச் சொல்ல வந்தவர் முதலில் பிறர் சொல்வதைக் கேட்டார் என்பது ஈண்டு நினையத்தக்கது.

தமிழ் இளைஞரைப் பயிற்றும் எண்ணம் வெறும் விருப்பத்தால் மட்டும் எழுந்ததன்று. டேனியரின் ஆட்சி தரங்கம்பாடிக் கோட்டையையும் அதனைச் சூழ்ந்த சில சிற்றூர்களையும் தாண்டியதில்லை. அதற்கப்பால் தஞ்சை மராட்டிய மன்னரின் நாடு. ஐரோப்பியப் போதகர் அந்நாட்டுக்குள் தம் விருப்பம்போல் செல்ல இயலவில்லை. அங்குச் சந்தையிலும் சாவடியிலும் ஐயமின்றிப் பேசத்தக்கவர் அம்மண்ணின் மக்களே. இந்நிலையில், 1716இல் தரங்கம்பாடியில் உபதேசியாரைப் பயிற்றும் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாதவர். ஊர் ஊராகச் சென்று சமயத்தைக் கற்பிக்கவும், சிறு சபைகளை நடத்தவும், பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கவும் அமர்த்தப்பட்ட இளைஞர் அல்லது ஆசிரியர்.

அப்பயிற்சியின் உள்ளடக்கம் குறிப்பிடத்தக்கது. மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் வினாவும் விடையுமாக அமைந்த நூல். அதனைத் தமிழில் மனனம் செய்வது அடிப்படை. ஆயினும் மனனத்தோடு கல்வி முடிந்துவிடவில்லை. ஹாலேயிலிருந்து 1713இல் தமிழ் அச்செழுத்துகள் வந்து சேர்ந்தன. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. பொறையாற்றில் தாள் செய்யும் ஆலையும் நிறுவப்பெற்றது. ஆகவே இளைஞர் கையில் அச்சிட்ட நூல் இருந்தது. அதனைத் தாமே படித்து விளக்கும் பொறுப்பும் அவர்க்கு வந்தது. உபதேசியார் தாம் சென்ற ஊர்கள், கண்டவர், கேட்ட வினாக்கள், கொடுத்த விடைகள் ஆகியவற்றைக் குறித்து வந்து ஒப்புவித்தனர். அக்குறிப்புகள் பல மொழிபெயர்க்கப்பெற்று ஹாலேயில் வெளியான அறிக்கைகளில் இடம்பெற்றன. அன்றாட நிகழ்ச்சியை எளிய உரைநடையில் எழுதும் பழக்கம் தமிழில் அரிதாயிருந்த காலத்தில் இவ்விளைஞர் அதனை ஒரு கடமையாகவே மேற்கொண்டனர்.

இத்தகைய பயிற்சி லுத்தரன் சபைக்கு மட்டும் உரியதன்று. அதே காலத்தில் வாழ்ந்த வீரமாமுனிவர், கத்தோலிக்க உபதேசியாரின் நன்னடத்தைக்காக 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை இயற்றினார். லுத்தரன் கொள்கையை மறுத்தும் அவர் நூல்கள் எழுதினார். இருசாராரும் ஒருவரையொருவர் மறுத்தனராயினும், ஊர்தோறும் செல்லும் இளைஞர்க்கு விளங்கும் தமிழில் எழுதவேண்டும் என்பதில் இருவர் தேவையும் ஒன்றே. தமிழ் உரைநடையின் வளர்ச்சியில் இப்போட்டிக்கும் ஒரு பங்கு உண்டு எனலாம்.

1717இல் சீகன்பால்கின் முயற்சியால் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த கடலூரிலும் பள்ளி திறக்கப்பெற்றது. கடலூர் வணிகர் குடும்பமொன்றில் பிறந்த ஆறுமுகம் பிள்ளை என்னும் இளைஞர், 1718இல் தரங்கம்பாடியில் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் என்னும் பெயர் ஏற்றார். மறு ஆண்டே, 1719 பிப்பிரவரியில், சீகன்பால்கு மறைந்தார். ஆரோன் ஆசிரியராகவும் உபதேசியாராகவும் பல்லாண்டுகள் உழைத்தார். 1733 திசம்பர் 28ஆம் நாள் அவர்க்குக் குருப்பட்டம் வழங்கப்பெற்றது. இந்தியச் சீர்திருத்தக் கிறித்தவத்தின் முதல் இந்தியக் குரு என்னும் சிறப்பு இக்கடலூர்க்காரரையே சாரும். 1745இல் இறக்கும்வரை அவர் மாயவரம் பகுதிச் சபைகளைப் பேணினார்.

முதற்போதகர் கரையிறங்கிய நாள்முதல் ஒரு தமிழர் குருவாவதற்கு இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. பேசுவதற்கு இளைஞரைப் பயிற்றிய சபை, பேசியவர்க்கு முழு உரிமை அளிக்கத் தயங்கியது. இத்தயக்கத்தின் கசப்பான வடிவத்தை இராசநாயக்கன் என்பவரின் வாழ்வில் காணலாம்.

இராசநாயக்கன் தஞ்சை அரசின் படையில் பணியாற்றியவர். பறையர் குலத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். வாலிபப் பருவத்தில்தான் எழுத்தறிவு பெற்றார். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல் அவர் கைக்கு எட்டியது. அதைப் படித்ததன் விளைவாகவே அவர் லுத்தரன் போதகரைத் தேடிச் சென்றார். எந்தப் போதகரும் நேரில் சென்று அவரை அழைக்கவில்லை, நூலே அழைத்தது. 1720களின் இறுதியில் உபதேசியாராகி, ஐரோப்பியர் நுழைய இயலாத தஞ்சை நாட்டில் சபைகளை உருவாக்கினார். அதனால் எதிர்ப்பும் துன்பமும் அடைந்தார்.

1741இல் இரண்டாம் தமிழ்க் குருவைத் தெரிந்தெடுக்கும் வேளை வந்தது. இராசநாயக்கனின் தகுதியை மறுப்பார் இல்லை. ஆயினும் உயர்குலக் கிறித்தவர் அவர் கையால் இராப்போசனம் பெற இசையமாட்டார் என்று போதகர் கருதினர். தியோகு என்பவர் குருவானார். இராசநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். கடவுள் முன் யாவரும் நிகர் என்று கற்பிக்க அவரைப் பயிற்றியவர்களே, அக்கற்பிதத்தைத் தம் சபைக்குள் அவருக்கு மெய்ப்பித்துக் காட்டவில்லை. அவரோ தம் பணியை விட்டு நீங்கவுமில்லை.

கடலூர்ப் பணி 1737இல் தனித் திருப்பணியாக நிலைபெற்றது. ஆனால் அக்கரை போர்க்களமாக மாறிக்கொண்டிருந்தது. 1752இல் பாகூரிலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர். 1758இல் லாலியின் படை கடலூரைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த போதகர் கீர்நாண்டர் ஊரைவிட்டு நீங்கிக் கல்கத்தா சென்றார். போதகர் புறப்பட்டு விடலாம். ஊரிலேயே பிறந்து வளர்ந்த உபதேசியாரும் ஆசிரியரும் அவ்வாறு எளிதில் புறப்பட இயலாது. உள்ளூர் இளைஞரைப் பயிற்றுவதன் அருமை இத்தகைய காலங்களில்தான் விளங்கும்.

அப்பயிற்சியின் இலக்கியப் பயனைத் தஞ்சையில் காணலாம். 1750இல் தமிழகம் வந்த சுவார்ட்சு ஐயர், பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயகம் என்னும் சிறுவனைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். தரங்கம்பாடியிலும் கற்றுத் தேர்ந்த அம்மாணவர், பின்னாளில் வேதநாயக சாஸ்திரியாராக, 'பெத்லகேம் குறவஞ்சி' முதலியவற்றை இயற்றினார். குறவஞ்சி என்னும் நாட்டு வடிவத்தில் கிறித்தவப் பொருளைப் பாடியது, சமயத்தை மக்கள் அறிந்த இசையிலும் சொல்லிலும் வழங்கும் உபதேசியார் மரபின் கனியேயாகும்.

இராசநாயக்கனின் வினா அடுத்த நூற்றாண்டிலும் எழுந்தது. தரங்கம்பாடிப் பணியை ஏற்றுக்கொண்ட லைப்சிக் சங்கத்தினர், சாதி வேறுபாடு கல்வியாலும் காலத்தாலும் படிப்படியாக நீங்கும் என்றனர். ஓக்ஸ் என்னும் போதகர் அதனை ஏற்காது பிரிந்து, 1860களில் கடலூருக்கு மேற்கே மேல்பட்டாம்பாக்கத்தில் தனிப்பணி தொடங்கினார். டேனிய சங்கத்தின் துணையோடு வளர்ந்த அப்பணியே இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக விளங்குகின்றது. தரங்கம்பாடி வழிவந்த சபைகள் 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக உருப்பெற்றன. அச்சபைக்கும் ஒரு தமிழர் பேராயராவது 1956இல்தான் நிகழ்ந்தது. அவர் இராசா மாணிக்கம்.

இரண்டரை நூற்றாண்டு நீண்ட இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. ஓர் இளைஞனுக்கு எழுத்தையும் நூலையும் பேசும் துணிவையும் அளித்தபின், அவன் சொல்லைப் பிறர்க்கு மட்டும் உரியதென்று வரையறுக்க இயலாது. அச்சொல் பயிற்றியவரையும் நோக்கித் திரும்பும். ஆரோன் குருவானதும், இராசநாயக்கன் குருவாகாமையும், மேல்பட்டாம்பாக்கத்தில் சபை பிரிந்ததும் அவ்வாறு திரும்பிய சொல்லின் விளைவுகளே. பெண்ணையாற்றின் வடகரையில் மன்னர் கொடையால் ஒரு கல்விக்கூடம் வாழ்ந்தது. தென்கரையில் உருவான கல்விக்கோ ஊர்க்கொடை இல்லை. நடந்து தேய்ந்த கால்களும், கையில் ஓர் அச்சு நூலும், எழுதிவைத்த நாட்குறிப்புகளுமே அதன் செல்வம். குருக்களின் பெயர்களோடு, குருப்பட்டம் பெறாத அவ்வுபதேசியாரின் பெயர்களும் இப்பகுதியின் கல்வி வரலாற்றில் எழுதப்பட வேண்டும்.