குழல் மாறினால் துப்பாக்கி மாறுமோ?

வேலூர், ஆம்பூர் என்றதும் தோல் பதனிடும் தொழிலே இன்று நினைவுக்கு வரும். ஆயினும் இப்பாலாற்றங்கரைக்கு வெடிமருந்தின் வரலாறும் உண்டு. 1749 ஆகஸ்டு 3ஆம் நாள் நிகழ்ந்த ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன்கான் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் மக்கள் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டனர். 1806 சூலை 10ஆம் நாள் அக்கோட்டையிலேயே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். மன்னரின் மக்கள் வேலூருக்கு வந்தனர். மன்னரின் துப்பாக்கிகளோ வென்றவர் கைப்பட்டுக் கடல் கடந்தன. அவை ஏலத்திற்கு வரும்போதெல்லாம் இன்றும் ஒரு கேள்வி எழுகிறது: இத்துப்பாக்கி பிறந்தபோது இருந்த உறுப்புகளோடுதான் இருக்கின்றதா?

கேள்வி எளியது, விடை எளியதன்று. குழல், விசைப்பொறி, மரக்கட்டை ஆகிய மூன்றும் சேர்ந்ததே துப்பாக்கி. மூன்றும் ஒரே காலத்தில் மூப்படைவதில்லை. நம் நாட்டுத் திரித்துப்பாக்கிகளில் குழலே நெடுங்காலம் வாழ்ந்தது. நல்ல குழல் ஒன்று கிடைத்துவிட்டால், கட்டை உளுத்த பின்னரும் புதுக்கட்டையில் பொருத்தி அடுத்த தலைமுறை அதனை ஆண்டது. மேலை நாட்டு இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகளில் குழலே முதலில் தேய்ந்தது. இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பட்டையாக்கி, தண்டொன்றின்மேல் சுற்றிக் காய்ச்சி இணைத்த பழங்குழல்கள் கரிமருந்துக்கென எழுந்தவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகையில்லா மருந்து பரவியதும், அதன் மிகுந்த அழுத்தத்தைத் தாங்குமோ என்னும் ஐயம் அவற்றைச் சூழ்ந்தது. துருவும் உட்தேய்வும் அவ்வையத்தை வளர்த்தன. எனவே பலர் கட்டையையும் பொறியையும் வைத்துக்கொண்டு குழலை மட்டும் மாற்றினர்.

இம்மாற்றங்கள் யாவும் ஒரு தரத்தன அல்ல. துப்பாக்கியை வாங்கும்போதே செய்தவரிடம் இரண்டாம் இணைக்குழலையும் சேர்த்து வாங்கும் வழக்கம் இருந்தது. ஒன்று, இரண்டு என எண்ணிட்டு வந்த அவ்விரு இணைகளும் மூலமே. பின்னாளில் அதே பட்டறை செய்து தந்த புதுக்குழல் அடுத்த நிலையினது. வேறொரு கொல்லர் பொருத்தியது அதற்கும் அடுத்தது. பழங்குழலின் பின்பகுதியை மட்டும் நிறுத்தி, முன்பகுதியை வெட்டி நீக்கிப் புதுக்குழாய்களைச் செருகுவது மற்றொரு முறை. இங்கிலாந்தின் சோதனை விதிகள் அவ்வாறு செருகப்பட்ட குழலில் அச்செய்தியையே சொல்லாகப் பொறிக்கவேண்டும் என்கின்றன. செருகல் குற்றமன்று, செருகலை மறைப்பதே குற்றம் என்பது அவ்விதியின் உட்பொருள்.

மறைத்தாலும் குழல் பேசிவிடும். பொறி, குழல், முன்கட்டை ஆகிய மூன்றிலும் வரிசை எண் ஒன்றாக அமைந்திருக்கின்றதா என்பது முதற்சான்று. சோதனை முத்திரை இரண்டாம் சான்று. 1637இல் பட்டயம் பெற்ற இலண்டன் துப்பாக்கித் தொழிலாளர் குழுமமும், 1813இல் தோன்றிய பர்மிங்காம் சோதனை நிலையமும் குழலைச் சோதித்து முத்திரையிட்டன. காலந்தோறும் முத்திரையின் வடிவு மாறியது. 1870இல் செய்த துப்பாக்கியின் குழலில் புகையில்லா மருந்துக்குரிய முத்திரை காணப்பட்டால், அக்குழல் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கவேண்டும், அல்லது மீண்டும் சோதிக்கப்பட்டிருக்கவேண்டும். குழல்மேல் பொறித்த பெயரை மட்டும் நம்புதல் கூடாது. கல்கத்தாவில் விற்ற நிறுவனத்தின் பெயர் மேலே இருக்க, செய்த பட்டறை பர்மிங்காமில் இருந்ததும் உண்டு.

திப்புவின் பட்டறைகளும் இத்தகைய சான்றுகளை விட்டுச் சென்றுள்ளன. ஹைதர் பெயரைச் சுட்டும் முத்திரை, புலிவரிக்கோலம், செய்தவர் பெயர், திப்பு வழங்கிய மௌலூதி ஆண்டுக் கணக்கு ஆகியன பொறியிலும் குழலிலும் ஒன்றுக்கொன்று ஒத்துவருமானால் உறுப்புகள் ஒருங்கே பிறந்தவை எனத் துணியலாம். 2019 மார்ச்சில் இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரில் ஏலத்திற்கு வந்த திப்புவின் துப்பாக்கி ஒன்று போரில் பட்ட சேதத்தோடே இருந்தது. விலையோ 60,000 பவுன். அதனைப் பழுதுபார்த்துப் புதிதாக்கியிருப்பின் ஒரு போர்க்களத்தின் சாட்சியம் அழிந்திருக்கும்.

அவ்வாறாயின் மாற்றம் எப்போதும் மதிப்பைக் குறைக்குமோ? தஞ்சைக் கட்டாரிகள் இல்லை என்கின்றன. ஐரோப்பியரிடமிருந்து வந்த வாளலகுகளைத் தமிழகக் கொல்லர் தம் கைப்பிடியில் பொருத்திக் கட்டாரி ஆக்கினர். அலகு அயல்நாட்டது, பிடி தஞ்சையது; இரண்டும் கூடிய பொருள் தமிழகத்தின் கடல் வணிகத்திற்கே சான்று. அங்கே மாற்றமே வரலாறு. ஆம்பூரில் தேய்ந்த காலணிக்குப் புதிய அடித்தோல் தைப்பவர், அது பழைய அடித்தோல் என்று சாதிப்பதில்லை. அந்த நேர்மையே மாற்றத்திற்கு மதிப்பைத் தருகிறது.

தமிழறிந்தோர்க்கு இந்த அளவுகோல் புதிதன்று. முதல்நூல், வழிநூல் எனப் பகுத்த மரபு நம்முடையது. வழிநூலை நம்மவர் இகழ்ந்ததில்லை. வழிநூல் முதல்நூல் போல வேடமிடுவதையே ஏற்கவில்லை. சங்கப் பாடல் எதுவும் எழுதப்பெற்ற முதல் ஓலையில் நமக்குக் கிடைக்கவில்லை. ஓலை செல்லரிக்க, புதிய ஓலையில் படியெடுத்துப் படியெடுத்தே அவை வாழ்ந்தன. ஒருவகையில் அவை யாவும் குழல் மாறிய துப்பாக்கிகளே. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், கிடைக்காத 267, 268ஆம் பாடல்களின் இடத்தை வெற்றிடமாகவே விட்டார். சிதைந்த சொற்களுக்குப் புள்ளியிட்டார். அவர் புலமைக்கு அவ்விடங்களை நிரப்புதல் அரிதன்று. நிரப்பியிருந்தால் நூல் முழுமைபோலத் தோன்றியிருக்கும், நம்பிக்கையோ குறைந்திருக்கும்.

பழம்பொருளாயினும் பழம்பாடலாயினும் மதிப்பிடுவோன் கேட்கவேண்டிய வினா, எவ்வளவு பழைது என்பது மட்டுமன்று. எது மாறியது, எப்போது மாறியது, மாற்றியவன் தன் கைத்தடத்தை மறைத்தானா, காட்டினானா? இவற்றிற்கு விடை கிடைக்குமானால் புதுக்குழலும் வரலாற்றின் ஒரு பக்கமாகும். மறைக்கப்பட்டாலோ, பழைய கட்டையின் மெய்ம்மையும் ஐயத்திற்கு உள்ளாகும்.