சிரட்டை சொல்லும் வரலாறு

மறுபயனீட்டுக் கைவினை என்றதும் நம்ம பள்ளிகளில் முதலில் வந்து நிற்பது சிரட்டைதான். எழுதுகோல் தாங்கி, உண்டியல், பூச்சட்டி என்று மாணவர்கள் அழகாகச் செய்துவிடுகிறார்கள். வார்னிஷ் அடித்துக் கண்காட்சி மேசையில் வைத்ததும் வேலை முடிந்தது. ஆனால், ‘இந்தச் சிரட்டையை முன்பு யார் கையில் வைத்திருந்தார்கள்? விரும்பி வைத்திருந்தார்களா?’ என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. அதிலிருந்தே ஒரு வரலாற்றுப் பாடம் தொடங்கிவிடும்.

பெயரும் பழமொழியும்

சிரட்டை, கொட்டாங்குச்சி, தேங்காய்த் தொட்டி என்று ஊருக்கு ஒரு பெயர். வீட்டில் தாத்தா பாட்டி எப்படிச் சொல்கிறார்கள் என்று மாணவர்களைக் கேட்டு வரச் சொன்னால், குடும்பம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதற்கு ஒரு சின்னத் தடயம் கிடைக்கலாம். கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் ரப்பர் பால் வடியும் கிண்ணத்துக்கே சிரட்டை என்றுதான் பெயர். கிண்ணம் பிளாஸ்டிக்காக மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. நம்ம தோட்டங்களில் அதே கிண்ணம் ‘மங்கு’ ஆனது. மலாய் மொழியின் ‘மங்கோக்’ நமக்குத் தந்த சொல் அது.

தமிழில் ‘கிணற்றுத் தவளை’ என்கிறோம். மலாயில் அதே தவளை சிரட்டைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது: ‘காத்தாக் டி பாவா தெம்புரோங்’. தாய்லாந்துக்காரர்களும் சிரட்டைக்குள் இருக்கும் தவளை என்றே சொல்கிறார்கள். கருத்து ஒன்று, கையருகே இருந்த பொருள்தான் வேறு.

அடுப்படியில்

‘சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்’ என்ற பழமொழியை நடத்தும்போது மாணவர்கள் மனத்தில் வருவது எவர்சில்வர் கரண்டி. அந்தக் காலத்து அகப்பை சிரட்டையில் செய்தது. பக்கவாட்டில் இரண்டு துளை போட்டு, மூங்கில் காம்பைச் செருகிவிடுவார்கள். கை சுடாது, மண்சட்டியையும் கீறாது. மலாய்ச் சமையலறையிலும் இதே கரண்டி உண்டு.

சிரட்டையை எரித்த கரிக்கு இன்னும் மதிப்பு அதிகம். நின்று எரியும், புகை குறைவு. மின்சாரம் வராத காலத்து இஸ்திரிப் பெட்டிக்குள் இருந்தது இதுதான். பாகான் டத்தோ, சபாக் பெர்ணம் வட்டாரத் தென்னந்தோட்டங்களில் நம்மவர்கள் பலர் வேலை செய்தார்கள். கொப்பரை உலர்த்தும் சூளைக்குத் தேங்காய் மட்டையும் சிரட்டையுமே விறகு.

கடிகாரமாக

மலாய்ப் படகுகளில் அரைச் சிரட்டை ஒன்று கடிகாரமாக இருந்தது. நன்றாக இழைத்து மெலிதாக்கிய சிரட்டையின் அடியில் ஊசித்துளை ஒன்று இருக்கும். அதைத் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் மிதக்கவிடுவார்கள். துளை வழியே நீர் மெல்ல ஏறி, நிறைந்ததும் மூழ்கிவிடும். எடுத்து மறுபடி மிதக்கவிட்டால் அடுத்த கணக்கு. நம் முன்னோர்களின் நாழிகை வட்டிலும் இதே முறையில்தான் வேலை செய்தது. ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை. வகுப்பில் ஒரு சிரட்டையும் வாளியும் இருந்தால் போதும், செய்து பார்த்துவிடலாம்.

போர்க்களத்தில்

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதன்பிறகு முகமூடிகளில் நச்சுவாயுவைப் பிடித்துக்கொள்ளக் கரி தேவைப்பட்டது. சிரட்டைக் கரி கெட்டியானது. அதைப் பக்குவப்படுத்தினால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளமாக உருவாகி வாயுவை இழுத்துக்கொள்ளும். அமெரிக்க முகமூடிகளுக்குச் சிரட்டைக் கரியே சிறந்தது எனக் கண்டார்கள். சிரட்டை போதாமல், 1918இல் பீச் பழக்கொட்டையையும் வால்நட் ஓட்டையும் சேர்த்துத் தரும்படி பொதுமக்களிடம் கேட்டார்கள். இன்று வீட்டுத் தண்ணீர் வடிகட்டிக்குள் இருப்பதும் பெரும்பாலும் இந்த வகைக் கரிதான்.

தேநீர்க் கடையில்

இதுவரை சொன்னதெல்லாம் மாணவர்கள் ரசித்துக் கேட்பவை. அடுத்தது அப்படி இல்லை. ஆனால் இதை விட்டுவிட்டால் சிரட்டையின் வரலாறு பாதிதான்.

தமிழ்நாட்டின் பல கிராமத் தேநீர்க் கடைகளில் மற்றவர்களுக்கு டம்ளர், தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சிரட்டை என்ற வழக்கம் இருந்தது. கடைக்கு வெளியே வைத்திருக்கும் சிரட்டையைத் தாங்களே எடுத்து, கைபடாமல் மேலிருந்து ஊற்றப்படும் தேநீரை வாங்கிக் குடித்து, தாங்களே கழுவி வைக்க வேண்டும். 1950 ஜனவரி 26 அன்று நடப்புக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதற்குப் பிறகும் இரட்டைக் குவளை முறை பல ஊர்களில் பல ஆண்டுகள் நீடித்தது.

இது நமக்குத் தொலைவான கதை இல்லை. மலாயாத் தோட்டங்களுக்குச் சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணிகள் வழியாகவும் வந்தவர்களில் கணிசமானோர் இந்த ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். வந்த இடத்திலும் சாதி முழுதாக விடவில்லை. 1929இல் பெரியார் மலாயாவுக்கு வந்தபோதும், 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியபோதும் சாதி ஒழிப்பு ஒரு முக்கியப் பேச்சாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

ஒரே பொருள்தான். அடுப்படியில் அகப்பையாக இருந்தபோது அதில் கைத்திறன் தெரிந்தது. கடை வாசலில் குவளையாக இருந்தபோது ஒரு மனிதரை இழிவுபடுத்தியது. அந்த இழிவுக்குச் சிரட்டை காரணமில்லை, அதை நீட்டிய கைதான் காரணம். இந்த வேறுபாட்டைப் படிவம் 2, 3 மாணவர்கள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

வகுப்பில் செய்ய

அடுத்த முறை சிரட்டைக் கைவினை செய்யும்போது, ஒவ்வொரு பொருளோடும் ஓர் அட்டை எழுதி வைக்கச் சொல்லலாம். அதில் மூன்று கேள்விகளுக்கு விடை இருக்கட்டும்:

1. எங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர்?
2. முன்பு யார், எதற்குப் பயன்படுத்தினார்கள்?
3. அவர்கள் விரும்பிப் பயன்படுத்தினார்களா, வேறு வழியில்லாமலா?

மூன்றாவது கேள்விக்குச் சில வீடுகளில் பதில் உடனே வராது. பெரியவர்கள் பேச்சை மாற்றலாம். மாணவர்களை வற்புறுத்த வேண்டாம், கேட்டதை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் சொல்லவும் வைக்க வேண்டாம். அட்டையை ஆசிரியரிடம் மட்டும் கொடுத்தால் போதும்.