முத்துக்கரையின் இன்னொரு அறுவடை: சாயவேர்

குளிர் நாடுகளில் இலையுதிர் காலம் வந்தால் கம்பளியைக் கையால் நூற்று, செடி வேரில் சாயம் போட்டு, ஸ்வெட்டர் பின்னுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். நம்ம தூத்துக்குடிப் பக்கம் ஐப்பசி என்றால் மழை, கம்பளிக்கு என்ன வேலை? ஆனால் அவர்கள் சிவப்புக்குப் பயன்படுத்தும் மஞ்சிட்டி இனச் செடிக்கு ஒரு பங்காளி இங்கே மணலில் தானாக முளைத்துக் கிடக்கிறது. சாயவேர். சித்த வைத்தியத்தில் இம்பூறல்.

செடி சாண் உயரம்கூட வராது. வேர் மட்டும் மணலுக்குள் ஆழமாக இறங்கும், நூல் போல மெல்லிசாக. அதன் பட்டையில்தான் சிவப்பு இருக்கிறது. கிளிஞ்சல் கலந்த கடற்கரை மண்ணில் வளர்ந்த வேருக்கு மவுசு அதிகம். காரணம் இருக்கிறது: சாயப்பொருளான அலிசரின் படிகாரத்தோடு சேர்ந்து நல்ல சிவப்பாக உறைய சுண்ணாம்புச் சத்தும் வேண்டும்.

பருத்தியில் சிவப்பை நிறுத்துவது லேசான காரியமில்லை. கம்பளி சாயத்தைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும், பருத்தி பிடிக்காது. புதுச்சேரியில் இருந்த சேசு சபைப் பாதிரியார் கேர்து 1742-ல் எழுதிய கடிதத்தில் நம் சாயக்காரர்களின் முறையை விளக்கியிருக்கிறார். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்ததில் துணியை ஊறவைத்துக் காயப்போட வேண்டும். பிறகு படிகாரத்தில் வரைந்து, வேரோடு கொதிக்கவிட வேண்டும். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிற்கும். ஐரோப்பாவே தேடிக்கொண்டிருந்த ரகசியம் இது.

இனி வேரைத் தோண்டியவர்கள் கதை. 1658-ல் டச்சுக் கம்பெனி போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் மூன்றையும் ஒரே ஆண்டில் பிடித்தது. (அந்தக் கம்பெனியின் சுருக்கப் பெயரும் வி.ஓ.சி.தான். நம்ம சிதம்பரனாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்!) மன்னார் வளைகுடாவின் இரு கரையும் ஒரே கையில். முத்துக்கு அடுத்து அவர்கள் கண் வைத்தது துணி மேல். துணிக்குச் சாயம் வேண்டும், சாயத்துக்கு வேர் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கமாண்டர் ஸ்வார்டெக்ரூன் 1697-ல் எழுதி வைத்த நிர்வாகக் குறிப்பில் சாயவேரும் இடம்பெறுகிறது. இலங்கைக் கரையில் வேர் கிண்டுவது சில சாதியார் மேல் சுமத்தப்பட்ட கடமை. கிண்டிய வேரை அரசாங்கத்துக்கே, அது வைத்த விலைக்கே கொடுக்க வேண்டும். ஆங்கிலேயர் வந்த பிறகும் ஏற்பாடு உடனே மறையவில்லை. 1817-ல் பெர்டொலாச்சி வெளியிட்ட இலங்கைப் பொருளாதார நூலில் சாயவேர் அரசு வருமானங்களில் ஒன்றாக வருகிறது.

முத்துக்குளிப்பவரைப் பற்றி பயணிகள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். மூச்சடக்கி ஆழத்தில் இறங்குவது பார்க்கிறவர்களுக்குச் சாகசமாகத் தெரியும். வெயிலில் குனிந்து மணலைக் கிண்டுவதில் பார்க்க என்ன இருக்கிறது? நம்ம வரலாற்றுக்காரர்களும் இதில் குறை வைக்கவில்லை. நெய்தவரையும் ஏற்றுமதி செய்தவரையும் எழுதிவிட்டு வேரை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். லண்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் தொங்கும் சோழமண்டலச் சீட்டித்துணியின் சிவப்பு, யாரோ ஒருவர் குனிந்து குனிந்து சேர்த்த வேர்ப்பட்டை. என்னைக் கேட்டால், இந்தக் கரையின் கதையை முத்தை வைத்து மட்டும் சொல்வது பாதிக் கதைதான்.

1868-ல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மனும் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு அலிசரினைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அடுத்த ஆண்டே மலிவான தயாரிப்பு முறைக்கு இங்கிலாந்தில் பெர்கின் காப்புரிமை வாங்கினார். சாயவேருக்கு அதோடு இறங்குமுகம். மதுரைச் சௌராஷ்டிரச் சாயக்காரர்கள் நூலை எண்ணெயிலும் உமரிச் சாம்பல் தண்ணீரிலும் ஊறவைக்கும் பழைய முறையை விடவில்லை. வேர் இருந்த இடத்தில் மட்டும் அலிசரின் வந்து உட்கார்ந்தது. அந்த உமரி நம்ம உப்பளத்து ஓரங்களில் இன்றைக்கும் செழிப்பாக வளர்கிறது.

ஒரு வேடிக்கை சொல்லி முடிக்கிறேன். 1893-ல் ஒரு வேதியியலாளர் சகா ஒருவரோடு சேர்ந்து நம் சாயவேரை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்து, அதிலுள்ள நிறப்பொருள்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அவர் பெயர் ஆர்தர் ஜார்ஜ் பெர்கின். காப்புரிமை வாங்கிய பெர்கினின் மகன்.